பால்கனியில் வாங்கின பல்பு!

காலையில ஏழரை மணிக்கு முதல் கிளாஸ். (நேரத்துலயே சனி உட்கார்ந்திருக்கு பாருங்க!) போறப்ப இருட்டு. லேப் முடிச்சு சாயங்காலம் நாலரைக்கு வெளிய வந்தா, அப்பவும் இருட்டு. நடுவுல சூரியன்னு ஒண்ணு வந்துட்டுப் போச்சாம்... ஜன்னலோர சீட்டுல இருந்தவன் சொல்றான். டிசம்பர்ல ஜெர்மனியோட கிழக்கு மூலைக்குப் படிக்கப் போனீங்கன்னா உங்களுக்கும் இதேதான். அம்மா போன்ல "அங்க இப்ப ராத்திரியாடா?"ன்னு கேப்பாங்க. "இல்லம்மா, டீ டைம்"னு சொல்றப்ப தொண்டை லேசா அடைக்கும். ஒத்துக்க மாட்டீங்க. நானும் ஒத்துக்கலை.

ஊர் பேரு கெம்னிட்ஸ். சாக்சனி மாநிலம். ஊர் நடுவுல 7 மீட்டர் உயரத்துக்கு கார்ல் மார்க்ஸோட வெண்கலத் தலை இருக்கு. உடம்பு கிடையாது பாஸ், தலை மட்டும்! 1953-ல இருந்து 1990 வரைக்கும் ஊர் பேரே கார்ல் மார்க்ஸ் நகரம்தான். 2023 அக்டோபர்ல நான் அங்க போய் இறங்கினப்ப, கோயம்புத்தூர் நான், நாகர்கோவில்காரன் ஒருத்தன், வாரங்கல்காரன் ஒருத்தன்... மூணு பேரும் ஒரே ஃப்ளாட். மூணு பேரும் மெக்கானிக்கல். இந்தக் கதையில நடந்த எல்லா அசம்பாவிதத்துக்கும் அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம்.

டிசம்பர் நெருங்கினதும் ஒரு மாயம் நடந்துச்சு. எதிர் பிளாக்ல ஜன்னலுக்கு ஜன்னல் அரைவட்டமா ஒரு மர வளைவு, அதுக்கு மேல வரிசையா மெழுகுவத்தி மாதிரி குட்டி பல்புகள். இதுக்குப் பேரு ஷ்விப்போகன். (சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கினா கம்பெனி பொறுப்பில்லை.) கெம்னிட்ஸுக்குத் தெற்கால செக் நாட்டு எல்லை வரைக்கும் நீண்டு கிடக்கற எர்ஸ்கபிர்கே மலையோட சொத்து இது. 1168 வாக்குல ஃப்ரைபெர்க்ல வெள்ளி கிடைச்சதுல இருந்து தலைமுறை தலைமுறையா சுரங்கம் தோண்டின மலை. ரெண்டு நாட்டுப் பக்கமும் சேர்த்து 2019-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருக்காங்க.

சுரங்கத்துக்குள்ள போறவன் குளிர்காலத்துல விடியறதுக்கு முன்ன இறங்குவான், இருட்டினப்புறம் ஏறுவான். வாரக்கணக்கா வெயிலே பார்க்க மாட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசி ஷிஃப்ட்ல எல்லாரும் தங்கள் விளக்கை சுரங்க வாசலைச் சுத்தி வளைவா மாட்டி வச்சாங்க, அதுதான் இந்த வளைவுன்னு ஊர்ல கதை சொல்வாங்க. 1700-கள்லயே யோஹான்கேயோர்கென்ஸ்டாட் பக்கம் இரும்புல இதைச் செஞ்சிருக்காங்க. 1937-ல ஷ்வார்ஸன்பெர்க்ல நடந்த ஒரு கண்காட்சிக்காக பவுலா யோர்டான் வரைஞ்ச டிசைன் இன்னிக்கும் ஆயிரக்கணக்கான ஜன்னல்ல நிக்குது. ரெண்டு சுரங்கத் தொழிலாளி, ஒரு மரச் சிற்பி, லேஸ் பின்ற ஒரு பொண்ணு. சாமி படம் இல்லை, ராஜா இல்லை. வேலை செய்யற மனுஷங்க!

நாங்க என்ன பண்ணோம்? "நம்மளும் ஒண்ணு செய்வோம்டா"ன்னு கிளம்பினோம். ஜன்னல்ல இல்ல, பால்கனியில! ஒண்ணரை மீட்டர் அகலம்! சுரங்கத் தொழிலாளிக்குப் பதிலா தென்னை மரம், மாட்டு வண்டி, நடுவுல குத்துவிளக்கு. நாகர்கோவில்காரன்தான் சீஃப் இன்ஜினியர். அவன் ஊர்ல டிசம்பர் வந்தா தெருவுக்குத் தெரு குடில், வாசலுக்கு வாசல் நட்சத்திரம். சின்ன வயசுல இருந்து மூங்கில் பிளாச்சுல கலர் தாள் ஒட்டி ஸ்டார் கட்டின கை. "மழை வந்தா கழட்டி உள்ள வைப்போம், விட்டா திரும்பத் தொங்கவிடுவோம்"னான். ஒண்ணரை மீட்டர் பலகையை எப்படிடா தினம் கழட்டி மாட்டுறதுன்னு ஒருத்தனும் கேக்கலை.

எங்க தப்பையெல்லாம் இப்பவே சொல்லிடறேன், சிரிச்சுக்கோங்க. கடையில இருந்ததுலயே விலை கம்மியான பாப்லர் பிளைவுட், 6 மில்லிமீட்டர். ரம்பத்துல அறுத்தோம். நவம்பர் கடைசி ராத்திரி பால்கனியில வச்சே பெயின்ட் அடிச்சோம், அப்ப வெளிய 3 டிகிரி. தண்ணியில கரைக்கற பெயின்ட்டுக்கு குறைஞ்சது அஞ்சு, சிலதுக்கு எட்டு டிகிரியாவது வேணும்னு டப்பாவுலயே போட்டிருந்துச்சு. ஜெர்மன்ல போட்டிருந்துச்சு! அதுக்கு மேல பளபளன்னு ஒரு கோட் வார்னிஷ். முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தை யார் பார்க்கப்போறாங்க? சாதா இரும்பு ஆணி. அடிப்பக்கம் நேரா சிமென்ட் தரையில. போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டா ஒரே லைக்ஸ் மழை!

நிஜ மழை மறுவாரம் வந்துச்சு. அப்புறம் பனி. பகல்ல உருகும், ராத்திரி உறையும். தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும்னு பிளஸ் டூவுல படிச்சோமே, அதை எங்க பால்கனியில டெமோ காட்டிச்சு. பத்து நாள்ல தென்னை மரம் பொரிச்ச அப்பளம் மாதிரி முன்னால வளைஞ்சுது. ஓரமெல்லாம் பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்கா பிரிஞ்சுது. ஆணியைச் சுத்தி கறுப்புக் கறுப்பா கறை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கறப்ப ராத்திரி செம காத்து. மாடு, வண்டியை விட்டுட்டு மூணாவது மாடியில இருந்து குதிச்சிருச்சு.

சிரிப்பா சொல்றேன். ஆனா கீழ சைக்கிள் நிறுத்தற இடம். தினம் அந்நேரத்துக்கு அங்க யாராவது குனிஞ்சு பூட்டைத் திறந்துட்டு இருப்பாங்க. அன்னிக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான். இதை எழுதறப்பவும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது.

அரை மணி நேரத்துல காலிங் பெல். தரைத்தளத்து தாத்தா. கையில நனைஞ்ச மாடு. "இது உங்க மாடா?" எங்க ஜெர்மன் ஞானத்துக்கு அந்த வாக்கியம் முழுசாப் புரிஞ்சதே பெரிசு. போலீஸைக் கூப்பிடுவார், ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்வார்னு நாங்க நடுங்கிட்டு நிக்கறோம். அவர் ஷூவைக் கழட்டிட்டு நேரா பால்கனிக்குப் போனார். வளைவோட முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. மண்டி போட்டு, அடியில விரலை விட்டுத் தடவினார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவா தலையை ஆட்டினார். நம்ம ஊர் ஆசாரி, அடுத்தவன் செஞ்ச கதவைப் பார்த்து ஆட்டுவார் இல்ல, அச்சு அசல் அதே ஆட்டல். ரிட்டயர் ஆன தச்சராம்! மலைக்கிராமத்துல பொறந்தவராம். "சனிக்கிழமை காலையில எட்டு மணி, ஸ்டேஷன். மூணு பேரும்." அதோட போயிட்டார்.

சனிக்கிழமை, ரயில் ஃப்ளோஹா ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா ஓல்பர்ன்ஹாவ் வரைக்கும். அங்கிருந்து பஸ். மேல ஏற ஏற பனி கனமாகுது, ஸ்ப்ரூஸ் மரங்கள் சாதம் வடிச்ச பானை மாதிரி வெள்ளையா வழிஞ்சு நிக்குது. இறங்கின ஊர் ஸைஃபென். உயரம்னு பார்த்தா 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, நம்ம ஏற்காட்டுல பாதி கூட இல்லை. ஆனா குளிர்? பேசினா பல்லு தந்தி அடிக்குது.

ஸைஃபென்ல தோண்டினது வெள்ளி இல்லை, தகரம்... அதான் வெள்ளீயம். அது தீர்ந்துட்டு வந்தப்ப சுரங்கக்காரங்க கடைசல் பட்டறைக்கு மாறினாங்க. ஊரே மரப்பொம்மை செய்யற ஊரா ஆயிருச்சு. மேட்டு மேல எட்டு மூலையோட ஒரு சர்ச், 1779-ல கட்டி முடிச்சது. அதோட குட்டி உருவத்தை உலகம் பூரா மரப்பொம்மையா வித்துட்டு இருக்காங்க. தெருவுல பாதி வீட்டு ஜன்னல்ல ஒரு தேவதை பொம்மையும், ஒரு சுரங்கக்காரன் பொம்மையும் கையில மெழுகுவத்தியோட நிக்குது. வீட்டுல எத்தனை பொண்ணோ அத்தனை தேவதை, எத்தனை பையனோ அத்தனை சுரங்கக்காரன். அந்தக் காலத்துல தெருவுல போறவங்க ஜன்னலைப் பார்த்தே ரேஷன் கார்டு படிச்சிருவாங்க போல!

ஒரு பட்டறையில எங்களை அரை மணி நேரம் நிறுத்தி வச்சார் தாத்தா. அங்க ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்துண்டைக் கடைசல்ல மாட்டி வளையமா கடையறாங்க. வளையத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியாது, வெறும் மேடு பள்ளம். அப்புறம் கேக் வெட்டற மாதிரி குறுக்கே பிளக்கறாங்க... உள்ள இருந்து குதிரை! ஒரு வளையத்துல இருந்து டஜன் கணக்குல குதிரை! வெட்டறவரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பார்க்க முடியாது, கையோட கணக்குதான். சுமார் 200 வருஷமா நடக்கற வித்தை. மரத்தை நல்லா ஈரமா வச்சிருந்தாத்தான் உளி வழுக்கிட்டுப் போகுமாம். "தண்ணி மரத்துக்கு எதிரி இல்லை. எப்ப வரணும், எப்ப போகணும்னு நாமதான் சொல்லணும்"னார் தாத்தா. மெக்கானிக்கல் மூணும் தலையை ஆட்டிச்சு.

அப்புறம்தான் அசல் டூர். தெருத்தெருவா நடக்கறோம். நீங்க போனாலும் இப்படி நடந்து பாருங்களேன், வேற ஊரே தெரியும். "விளக்கைப் பார்க்காதே, அடியைப் பாரு!"

முதல்ல ஊர் நடுவுல நிக்கற மர பிரமிட். அடுக்கடுக்கா தட்டு, தட்டுல பொம்மைகள், உச்சியில ஃபேன் மாதிரி இறக்கை. வீட்டுக்குள்ள வைக்கற சின்ன பிரமிட்ல மெழுகுவத்தியோட சூட்டுக்காத்து மேல ஏறி இறக்கையைச் சுத்தும். தெருவுல நிக்கற பெருசுக்கு மோட்டார். இந்த மலையில ஊர்ப் பொது இடத்துல முதல்ல இதை நிறுத்தினது அன்னாபெர்க் பக்கத்துல ஃப்ரோனாவ்ல, 1933-ல. இப்ப ஊருக்கு ஊர் ஒண்ணு நிக்குது. சின்ன வயசுல தாத்தாவும் அவர் அப்பாவும் அவங்க ஊர் பிரமிடுக்கு வேலை செஞ்சவங்க. அதனால நிறைய விஷயம் தெரிஞ்சது.

பொம்மை செதுக்க இவங்க ரொம்ப விரும்பற லிண்டன் மரம் இருக்கே, உளிக்கு வெண்ணெய். ஆனா வெளிய வச்சா சீக்கிரமே மக்கற ரகம். ஐரோப்பாவுல மரத்தோட ஆயுளை 1-ல இருந்து 5 வரைக்கும் தரம் பிரிக்கறாங்க, லிண்டன் கடைசி பெஞ்ச், அஞ்சு. நம்ம தேக்கு ஒண்ணு. அப்ப லிண்டன் பொம்மை பனியில எப்படி நிக்குது? பிரமிட்ல ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்குக்குக் கூரை. பொம்மை வானத்தையே பார்க்கறதில்லை. தண்ணியைத் தாங்கற மரமா, வெளிச்சட்டமும் தூணும் மட்டும். அதுக்கு லார்ச், ஓக். பெயின்ட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். நாங்க பெயின்ட்ல ஆரம்பிச்சு பெயின்ட்லயே முடிச்சிருந்தோம்.

அடுத்து ஒரு வீட்டுத் தோட்டத்துல ஆளுயர சுரங்கக்காரன். தாத்தா வேலி வழியா குனியச் சொன்னார். குனிஞ்சோம். காலுக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி, இரும்புத் தாங்கிமேல நிக்குது! தொப்பியோட மேல்பக்கம் தட்டையா இல்லை, சரிவு. கையோட அடியில ஓரமா ஒரு காடி. நம்ம ஊர் சன்ஷேடு அடியில ஓரமா ஒரு கோடு ஓடும், கவனிச்சிருக்கீங்களா? ஓடி வர்ற தண்ணி அந்தக் கோட்டைத் தாண்டி சுவருக்குப் போகாம அங்கயே சொட்டிரும். அதே சமாச்சாரம். எங்க வீட்டு சன்ஷேடுக்குக் கீழ 20 வருஷம் நின்னவன் நான், ஸைஃபென் போய்த்தான் அது என்னன்னு கத்துக்கிட்டேன்.

ஒரு திண்ணையில மஞ்சளும் சிவப்புமா முள்ளு முள்ளா பெரிய நட்சத்திரம் தொங்குது. நாகர்கோவில்காரன் அப்படியே நின்னுட்டான். ஹெர்ன்ஹூட் ஸ்டார். இதே சாக்சனியில 1800-கள்ல ஒரு சர்ச் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல, ஜியோமெட்ரி பாடமா ஆரம்பிச்சது. "வீட்டுக்குள்ளன்னா தாள், வெளியன்னா பிளாஸ்டிக்"னார் தாத்தா. "ரெண்டையும் மாத்தித் தொங்கவிட்டா?"ன்னு இவன் கேட்டான். தாத்தா எங்க பால்கனி இருக்கற திசையைக் கை காட்டினார். சைலன்ட்டா வாங்கினான் பல்பு.

அடுத்த குளிர்காலத்துக்கு ஷெட்யூல் போட்டுக் குடுத்தார். ஆரம்பிக்க வேண்டியது நவம்பர்ல இல்லை, செப்டம்பர்ல! எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி படிக்கற பழக்கத்தை மரத்துக்கிட்ட காட்டாதீங்க, அது அரியர் போட்டுரும். 2024 செப்டம்பர்ல தாத்தாவோட கீழ்த்தள ஸ்டோர் ரூம்ல வேலை ஆரம்பம்.

பிளைவுட்ல பசைதான் முக்கியம். நம்ம ஊர் கடையில எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., 710 மெரைன்னு சொல்வாங்களே, எம்.ஆர். வீட்டுக்குள்ள மட்டும்தான். 710-ங்கறதை 72 மணி நேரம் கொதிக்கற தண்ணியில போட்டு டெஸ்ட் பண்றாங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஆர்ச், பொங்கல் கட்-அவுட் செய்யறவங்க இதைக் கொஞ்சம் நோட் பண்ணுங்க. நாங்க வெளி உபயோகத்துக்கான பசை போட்ட பிர்ச் பிளைவுட் வாங்கினோம், 15 மில்லிமீட்டர். "அப்ப இது மக்காதா தாத்தா?" "பசை பிரியாது. பிர்ச் மக்கும்." எப்பவும் இப்படித்தான், கைல சாக்லேட் குடுத்துட்டு உடனே பிடுங்கிக்குவார்.

மரம்ங்கறது நெருக்கமா அடுக்கின ஸ்ட்ரா கட்டு. பக்கவாட்டுல தண்ணி பட்டா மெதுவாத்தான் இறங்கும். குறுக்கே அறுத்த முனையில பட்டா, இளநியில ஸ்ட்ரா போட்ட மாதிரி பல மடங்கு வேகமா உறிஞ்சும். பிளைவுட்ல சுத்தி இருக்கற ஓரம் முழுக்க அந்த முனைதான். அதனால எங்க நேரத்துல முக்கால்வாசி ஓரத்துக்கே போச்சு. கூர்மையான விளிம்புல பெயின்ட் நிக்காம மெலிசாயிரும், அதனால உப்புத்தாள் போட்டு 2, 3 மில்லிமீட்டர் உருட்டினோம். ஓரத்துக்கு மட்டும் பிரைமர் மூணு தடவை. மாட்டோட கொம்புக்கு நடுவுல இருக்கற இடுக்கு இருக்கே... ரெண்டு சாயங்காலம் அதுக்கே சரி!

பின்பக்கம்? முன்பக்கத்துக்கு எத்தனை கோட்டோ பின்பக்கத்துக்கும் அத்தனை. ஒரு பக்கம் ஈரம் குடிச்சு இன்னொரு பக்கம் குடிக்கலைன்னா பலகை வளையத்தான் செய்யும். எங்க அப்பளத் தென்னையோட ரகசியம் அதுதான். பளபள வார்னிஷை தாத்தா தொடவே விடலை. கண்ணாடி மாதிரி இருக்கறதால வெயில் அதுக்குள்ள புகுந்து மரத்துல இருக்கற லிக்னினைச் சிதைச்சுரும். அடியில பிடிமானம் போனதும் வார்னிஷ் தோல் தோலா உரியும். கலர் கலந்த பெயின்ட், வெயிலுக்குக் குடை. எல்லாத்தையும் மூடிட்டு, அடிப்பக்கம் சரிவா சீவி காடி எடுத்தோம். ஆணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. வயரும் பல்பும் ஐ.பி. 44 போட்ட வெளி உபயோக ரகம். தரையில இருந்து தூக்கி, கம்பித் தாங்கியில போல்ட். போதாததுக்கு ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால ஸ்டீல் கம்பி கட்டினோம். மாட்டுக்கு ரெண்டு கம்பி!

தாத்தா எங்ககிட்ட கத்தினது ஒரே ஒரு தடவை. வளைவைத் தாங்கற லார்ச் சட்டத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிட்டு, துடைச்ச துணியை வாரங்கல்காரன் சுருட்டி குப்பைத்தொட்டியில போட்டான். தாத்தா பாய்ஞ்சு வந்து தொட்டியைக் கவுத்தார், துணியை எடுத்து வெளிய கம்பியில விரிச்சுப் போட்டார். முகமெல்லாம் சிவப்பு. அந்த எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்லை. காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்துதான் இறுகுது, அப்ப சூடு வரும். விரிச்சுப் போட்டா சூடு காத்தோட போயிரும். சுருட்டி வச்சா உள்ளயே ஏறி, யாரும் பத்த வைக்காமலே தீப்பிடிக்கும். அந்த ஸ்டோர் ரூமுக்கு மேல அஞ்சு மாடி. நாங்க மூணு பேரும் ஒரு வார்த்தை பேசலை. நீங்களும் ப்ராஜெக்ட்டுக்கு அந்த எண்ணெயைத் தொட்டா துணியை விரிச்சுக் காய வைங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி வைங்க. இந்தக் கட்டுரையில மத்ததையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறந்துராதீங்க.

2024 டிசம்பர் 1, முதல் அட்வென்ட் ஞாயிறு. சாயங்காலம் ஸ்விட்ச் போட்டோம். தென்னை, வண்டி, மாடு, நடுவுல குத்துவிளக்கு. கீழ தாத்தா கழுத்தை அண்ணாந்து நின்னார். எதிர் பிளாக்ல ஒரு பாட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, அவங்க ஷ்விப்போகனை எங்க பக்கமா லேசாத் திருப்பி வச்சாங்க. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "அங்க இப்ப ராத்திரியாடா?"ன்னு கேக்கலை. "மாட்டுக்குக் கொம்பு பெருசா இருக்கே"ன்னாங்க.

அந்த வருஷமும் மழை வந்துச்சு, பனி வந்துச்சு, காத்தும் வந்துச்சு. காத்தடிச்ச ராத்திரியெல்லாம் மூணு பேரும் மாத்தி மாத்தி எழுந்து போய் மாட்டை ஆட்டிப் பார்த்தோம். அசையலை.

மலைக்காரங்க வழக்கப்படி பிப்ரவரி 2 வரைக்கும் விளக்கு எரியலாம். 2025 பிப்ரவரி 2 அன்னிக்கு இறக்கினோம். பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைக்கப் போனேன். தாத்தா கவரைப் பிடுங்கிட்டார். உள்ள இருக்கற ஈரம் வெளிய போகணும், அதனால ரெண்டு கட்டை மேல, சுவரைத் தொடாம, காத்து படற மாதிரி. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா மக்க வைக்கற பூஞ்சை வளராதாம்.

செப்டம்பர்ல ஸ்டோர் ரூமைத் திறந்து, தாத்தா சொல்லிக்குடுத்த மாதிரி கட்டை விரல் நகத்தால சுத்தி அழுத்திக்கிட்டே வந்தோம். எல்லா இடமும் கிண்ணுனு இருந்துச்சு. வண்டிச் சக்கரத்துக்கு அடியில மட்டும், ஒரு ரூபா காசு அளவுக்கு நகம் உள்ள போச்சு. அந்த இடத்துல பிரைமர் அடிச்சது யாருன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நாகர்கோவில்காரன் உப்புத்தாளை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தான்.